உறைக்கு ஒரு கரண்டி

அம்சவேணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் தயிரைப் பற்றித்தான் கேட்டாள். ஆஸ்பத்திரியில் பார்க்கிற நேரம் முடிந்து, ஆயா ஒவ்வொரு கட்டிலாக வந்து கிளம்புங்க கிளம்புங்க என்று எங்களை விரட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்சா விரலை ஆட்டிக் கூப்பிட்டாள். குனிந்து காதைக் கொடுத்தேன். பாலுக்கு உறை ஊத்தினியாய்யா என்றாள். ஊத்தினேன் என்றேன். நாளைக்கு உறைக்குத் தனியா ஒரு கரண்டி எடுத்து வெச்சியா என்றாள். வைத்தேன் என்றேன், உண்மையாகவே வைத்திருந்தேன். எங்க, நக்கித் தொலைச்சிருப்ப, உன்ன எனக்குத் தெரியாதா என்றாள். ஆயா முதுகில் தட்டினாள். காலையில கஞ்சி கொண்டாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கஞ்சியோடு போனபோது அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கூட இருந்தவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பொண்ணைப் பாத்துக்கோ, உடம்பைப் பாத்துக்கோ என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். தயிர். அதிலும் திட்டு. ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கு அதுவே பிடித்துப்போயிற்று. சாகப்போகிறவள் பேசுகிற பேச்சா அது, மறுநாள் வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்கப்போகிறவளின் பேச்சு.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம் அடுப்பு மேடையில் இருக்கிறது. பாலைக் காய்ச்சி இறக்கியாயிற்று, ஆறிக்கொண்டிருக்கிறது, ஃப்ரிட்ஜைத் திறந்து உறைக்குக் கையை விட்டால் வெறும் குளிர்தான் கையில் வருகிறது. தயிர்ப் பாத்திரம் கவிழ்த்து வைத்த இடத்தில் பளபள என்று இருக்கிறது. அதைத் தேய்த்தது நான்தான். மதியம் சோறு வடித்து, மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, வெயிலுக்கு இதமாக இருக்கிறதே என்று இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று போட்டு, கடைசியில் பாத்திரத்துக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து வழித்துவிட்டேன். பிறகு சோப்பு. ஊரையே அடைத்துப்போட்ட இந்த வியாதி வந்ததிலிருந்து வீட்டில் சோப்புப் படாத பொருள் எதுவும் இல்லை. பால் பாக்கெட்டுக்கு சோப்பு, கத்தரிக்காய்க்கு உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், சாவிக்கு சோப்பு, ஒரு நாள் ஞாபகமில்லாமல் சோப்பு டப்பாவுக்கே சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவு கழுவு என்று டிவியில் சொல்லிச் சொல்லிக் கைக்கே தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது, என்னைக் கேட்காமல் அது பாட்டுக்கு எதையாவது எடுத்துத் தேய்க்கிறது. அப்படித்தான் அம்சா வைத்துவிட்டுப் போன தயிரைத் தேய்த்துக் கழுவிச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். அவள் வைத்துவிட்டுப் போனது என்றால் அந்தத் தயிரே என்று இல்லை. அன்றன்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலுக்கு, அதில் ஒரு கரண்டி அதற்கு மறுநாளுக்கு. கல்யாணமாகி வந்தபோது அவள் அம்மா வீட்டிலிருந்து ஒரு சம்புடத்தில் கொண்டுவந்ததன் தொடர்ச்சி என்பாள். மாம்பலத்திலிருந்து பெரம்பூருக்கு பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு, பட்டுப் புடவையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். அந்தச் சம்புடத்துக்கு நான் டிக்கெட் போடவில்லை என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லுவேன். நான் கண்டக்டர். பொண்ணு மஞ்சுளா போனில், கடையில கப்பு தயிர் விக்குதுப்பா, ஒரு ஸ்பூன் போட்டா அதுவும் தயிர்தான் ஆகும் என்பாள். ஆகும். எனக்குத் தெரியாதா. ஒரு பஸ் டிப்போவுக்குப் போய்விட்டால் வேறு பஸ் வரும், அதுவும் பெரம்பூருக்குத்தான் போகும், அதில் நாம் ஏறுவோம். ஆனால் நான் வேலை பார்த்த தடத்தில் எத்தனையோ முறை வண்டியை மாற்றினார்கள், டிரைவர் மாறினார், ஸீட்டு மாறியது, நெற்றியில் இருந்த நம்பர் மட்டும் மாறவில்லை. ஜனங்கள் அந்த நம்பரைப் பார்த்துத்தான் கை நீட்டினார்கள். தயிர் விஷயமும் அதுதான். பால் புதுசு, பாத்திரம் புதுசு, நம்பர் மட்டும் அவளுடையது. அந்த நம்பரைத்தான் இன்று அழித்துவிட்டேன்.

சரி, பதற வேண்டாம், பால் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. சூட்டில் ஊற்றினால் திரிந்துபோகும், ஆறிப்போனால் உறையாது, சுண்டுவிரலை விட்டால் சுடுகிற மாதிரியும் சுடாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பாள். அதுவரைக்கும் ஒரு நடை போடலாம். அடுப்பங்கரையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து பால்கனி, திரும்பக் கூடம். மஞ்சுளாதான் சொல்லியிருக்கிறாள், சும்மா உக்காராதப்பா, எதையாவது செஞ்சுகிட்டே இரு, மனசு சந்தோஷமா இருக்கும் என்று. ஓசூரிலிருந்து தினமும் முகத்தைக் காட்டி ஒரு வேலை கொடுக்கிறாள், அலமாரியைத் துடை, மூச்சை இழுத்து விடு, பாட்டுப் பாடு. பாடினேன், பக்கத்து வீட்டு பிலோமினா அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினாள். அதற்குப் பிறகுதான் பஸ் விட ஆரம்பித்தேன். அடுப்பங்கரை ஸ்டேண்டு. ஃப்ரிட்ஜ் ஒரு ஸ்டாப்பு, டிவி ஒரு ஸ்டாப்பு, அம்சா படத்துக்குக் கீழே ரெக்வஸ்ட் ஸ்டாப்பு, ரோட்டில் என்றால் கை காட்டினால்தான் நிற்பது, இங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். பால்கனியில் டெர்மினஸ். விசில் இன்னும் டிராயரில் இருக்கிறது, ஒன்று அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் போகணும். முதல் நாள் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கதவைப் பூட்டிய வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றியதும் வெட்கம் இறங்கிப் போய்விட்டது. ஊரில் எந்த பஸ்ஸும் ஓடாத நாளில் ஓடின ஒரே பஸ் என்னுடையதுதான் என்று மஞ்சுளாவிடம் சொன்னேன், சிரித்தாள், பிறகு போனைக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டாள். அழுதிருப்பாள். பைத்தியம். எனக்கு ஒன்றும் குறை இல்லை. எட்டாவது வரை படித்தவன் நான், மீதிப் படிப்பெல்லாம் கடைசி ஸீட்டில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போன பத்திரிகைகளில்தான். தொடர்கதை என்றால் நடுவில் இரண்டு வாரம் கிடைக்காது, அந்த இரண்டு வாரத்தை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். அப்படிப் பழகினவனுக்கு வீட்டில் அடைந்து கிடப்பது பெரிய கஷ்டம் இல்லை. ஒரே ஒரு பழக்கத்தை விட முடியவில்லை. டிக்கெட் கிழிக்க விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, இப்போதும் எந்தத் தாளைத் திருப்பினாலும் விரல் வாய்க்குப் போகிறது. மஞ்சுளா திரையிலேயே கத்துவாள். அப்பா விரலு. எடுத்துவிடுவேன். அடுத்த பக்கத்தில் திரும்பப் போகும்.

தொண்டை ஏன் இப்படிக் கரகரக்கிறது. ஊறுகாய். ஊறுகாயாகத்தான் இருக்கும். மதியம் காரம் அதிகம். இருந்தாலும் டிவி ஸ்டாப்பில் இறங்கி அடுப்பங்கரைக்குத் திரும்பிப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைக்கிறேன். அடிக்கிறது. குப்பென்று அடிக்கிறது. நல்லது. வாசனை தெரியாவிட்டால்தான் வியாதி என்று சொல்லியிருக்கிறார்கள், பெருங்காயத்தை விட நம்பகமான சாட்சி வேறு எது. ஒரு நாளைக்கு எத்தனை முறை முகர்கிறேன் என்று எனக்கே தெரியாது, டப்பா தேய்கிறதோ இல்லையோ மூக்கு தேய்ந்துவிடும். பிலோமினாவுக்கு முதலில் போனது வாசனைதான். மீன் குழம்பு வெச்சேன்ணே, வெந்நீர் மாதிரி இருக்குது என்றாள். மறுநாள் இருதயராஜுக்குக் காய்ச்சல், அவள் புருஷன், பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து அவரை முகாமுக்கு அழைத்துப் போனார்கள். அவளுக்கு லேசாக இருக்கிறது, வீட்டிலேயே இருக்கட்டும் என்று என் வாசலுக்கு எதிரே இருக்கிற அவள் வாசலில் தகரத்தை வைத்து அடித்துவிட்டுப் போனார்கள். என் வாசலைத் திறந்தால் இப்போது தகரம்தான் முகத்தில் இடிக்கிறது. முகாமில் முட்டை தருகிறார்களாம், வீட்டைவிட அங்கே நல்லா கவனிக்கிறாங்க என்று இருதயராஜ் போனில் சொன்னாராம், அதற்கு அவள் சண்டை போட்டாளாம். சண்டை போடுகிற தெம்பு இருந்தால் பயம் இல்லை. வாசல் மூடினாலும் பின்பக்க பால்கனி இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கிறது, நடுவில் இடுப்புயரச் சுவர், அப்புறம் கொஞ்சம் வெற்றிடம். துணி காயப்போடுகிற கொம்பின் நுனியில் ஒயர் கூடையை மாட்டி நீட்டுவேன். ரசம், கஞ்சி, கபசுரக் குடிநீர். அவள் வாங்கிக்கொள்வாள், பாத்திரத்தைத் திருப்பித் தரமாட்டாள். எங்க வூட்டுப் பொருள் எதுவும் உங்க வூட்டுக்கு வரக் கூடாதுண்ணே என்று ஒரே பிடி. என் தூக்கு, டிபன் டப்பா, எவர்சில்வர் கிண்ணி, மூடி போட்ட சட்டி எல்லாம் அவள் பால்கனியில் அடுக்கி வெயில் காய்கிறது. இன்றைக்குத் தயிர்ப் பாத்திரத்தைக் கழுவும்படி ஆனதும் அதனால்தானே. ராத்திரி அவளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்க வேறு பாத்திரம் இல்லை. பார்த்தாயா அம்சா, சோப்பை மட்டும் குறை சொல்லாதே.

பிலோமினா. இவ்வளவு நேரம் அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், விஷயம் இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது. அம்சா போன அன்று இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை பாலுக்கு உறை ஊற்றியது பிலோமினாதான், அவள் வீட்டில், அம்சாவின் தயிரை எடுத்துப் போய். காரியம் முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்கா தயிரு, பத்திரம்ணே என்றாள். அன்றிலிருந்து அவள் வீட்டிலும் அதுதானே. சுண்டுவிரலைப் பாலில் விட்டுப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் சுடுகிறது. வெளியே வெயில் சாய்ந்து பால்கனிச் சுவரில் மஞ்சளாக விழுந்திருக்கிறது. விளக்கு வைத்துவிட்டால் தயிர் கொடுக்கக் கூடாது, உப்பு கொடுக்கக் கூடாது, ஊசி கொடுக்கக் கூடாது. அம்சாவுக்கு அது சட்டம். ஒருமுறை பிலோமினாவே பொழுது சாய்ந்து வந்து கேட்டபோது, நாளைக்குக் காலையில வா என்றாள். எங்க வூட்ல விளக்கு வெக்கறதில்லக்கா, சுவிட்சுதான் என்று பிலோமினா சொல்லிப் பார்த்தாள், அப்போதும் கிடைக்கவில்லை. அதனால் விளக்கு வைப்பதற்குள். அதற்குள் பால் ஆறிப்போகாமல். விசிலை எடுத்துக்கொண்டு டெர்மினஸுக்குப் போய் ஒன்று அடித்தேன். கதவு திறந்தது. முகத்தில் துணிக்கட்டு, தலையில் துண்டு, கண் மட்டும் சிரிக்கிறது. எந்த ஸ்டாப்புண்ணே இது என்றாள். விஷயத்தைச் சொன்னேன். கழுவினதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் மாறிவிட்டது, ஊறுகாய்தான் காரணம். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கிறது, நேற்று ஊற்றினது, ஆனால் தரமாட்டேன் என்றாள். மூடி போட்டுக் கொடு, நான் கொம்பை நீட்டுகிறேன், கையே படாது என்றேன். நான் அதுல கரண்டி வெச்சிருக்கேன், இருமியிருக்கேன், எனக்குத் தெரியாது என்றாள். காய்ச்சின பாலில்தானே போடப்போகிறேன் என்றேன், அது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது. அவள் துணிக்கட்டை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

“அக்கா தயிர உங்களுக்குத் தரணும்னு எனக்கு ஆசைதாண்ணே. ஆனா நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் அந்தத் தகரத்துக்கு உள்ளவே செத்துடுவேன்.”

நான் கொம்பைச் சுவரில் சாய்த்துவிட்டேன். இவளிடம் போய்ப் பிடிவாதம் பிடிக்கிறேனே, தயிருக்கு. பரவாயில்லை விடும்மா, கடைத் தயிர் போட்டுக்கறேன் என்றேன். அப்படிச் சொன்னதும் எனக்குள் என்னமோ ஒன்று இறங்கியது, கடைசி டிரிப் முடிந்து எல்லாரும் இறங்கிப்போன பஸ்ஸில் விளக்கை அணைக்கிற மாதிரி. சுவரில் இருந்த மஞ்சள் வெயில் மேலே ஏறிவிட்டது. பால் ஆறிக்கொண்டிருக்கும். போகட்டும். திரும்பினேன். அண்ணே என்றாள். திரும்பவும், அண்ணே, திட்டமாட்டீங்களே என்றாள். எதற்கு என்றேன். கீழ் வீட்டு நசீமாகிட்ட இருக்குதுண்ணே என்றாள். என்ன இருக்குது. அக்கா தயிரு. நான்தான் குடுத்தேன், அக்கா இருக்கும்போதே, அக்காவுக்குத் தெரியாம. அவங்க வூட்ல தயிரு ஒழுங்கா உறையறதில்லன்னு கேட்டாங்க, அக்காகிட்ட கேக்க முடியுமா சொல்லுங்க.

கேட்க முடியாதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நசீமா என் வீட்டுக்கு நேர் கீழே இருப்பவள். அம்சா துணி உலர்த்தினால் தண்ணீர் அவள் மிளகாய் மேல் சொட்டும், அவள் மிளகாய் வறுத்தால் அந்த நெடி அம்சா மூக்குக்கு ஏறும். இரண்டு பேரும் பேசி எத்தனை வருஷமாயிற்று என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சண்டை மட்டும் தினமும் புதிதாக இருக்கும், பால்கனிக்கு மேலும் கீழுமாக, முகம் பார்க்காமல், இன்னொருத்தியிடம் சொல்கிற மாதிரி. வேணும்னே பிழியாம போடறா பாரு என்று கீழிருந்து. மொளகாய்க்குப் பந்தல் போட்டுக்கச் சொல்லு என்று மேலிருந்து. அந்த மிளகாய்க்காரி வீட்டில் இத்தனை நாளாக அம்சாவின் தயிர் தினமும் உறைந்துகொண்டிருந்திருக்கிறது. அம்சா இருந்திருந்தால் பிலோமினாவோடும் பேச்சு நின்றிருக்கும். தெரியாமல் போனது எல்லாருக்கும் நல்லது. அம்சா போன பிறகு நசீமா ஒரு முறைகூட மேலே வரவில்லை, அன்று படியில் ஓரமாக நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நானும் பேசினதில்லை. இப்போது எந்த முகத்தோடு கேட்பது. இருந்த முகத்தோடு, அதையும் முகக்கவசம் பாதி மூடியிருக்கிறது, அது ஒரு வசதி. குனிந்து, நசீமாம்மா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. விசில் ஒன்று அடித்தேன். கீழே கதவு திறந்தது. முக்காடு மட்டும் தெரிந்தது.

“பஸ்சு வுடறது நீங்கதானா. தலைக்கு மேல தொம்மு தொம்முன்னு ஓடிக்கினே இருக்கீங்க, எங்க வூட்ல எல்லாருக்கும் ஸ்டாப்பு மனப்பாடமாயிருச்சு.”

மன்னிக்கச் சொன்னேன். பிறகு உறைக்கு ஒரு கரண்டி தயிர் வேண்டும் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மேலே பிலோமினா இருக்கிற பக்கம் ஒரு பார்வை போயிற்று என்று நினைக்கிறேன், முக்காடு அசைந்தது. பிலோமினா அந்தப் பக்கம் தும்மல் வந்தாற்போல் குனிந்துகொண்டாள். நசீமா உள்ளே போய்விட்டாள். கோபமா, எடுக்கப் போனாளா, தெரியவில்லை. மசூதிப் பக்கம் பார்த்தேன், சனமில்லாத தெரு, காக்கை மட்டும். நோன்பு மாதம் என்பது அப்போதுதான் உறைத்தது. எந்த நேரமும் பாங்கு சொல்லிவிடுவார்கள், அவள் நோன்பு திறக்கிற நேரத்தில் நான் தயிருக்கு நிற்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பிவந்து, கூடைய வுடுங்க சீக்கிரம், பாங்கு சொல்லிட்டா நான் நோன்பு தொறக்க உக்காந்துருவேன், பசியில கண்ணு இருட்டுது என்றாள். கயிற்றில் கூடையை இறக்கினேன். டம்ளரில் தயிரும், அதன் பக்கத்தில் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சியும் வைத்தாள். கஞ்சி அந்தம்மாவுக்கு என்று தலையைப் பிலோமினா பக்கம் ஆட்டினாள். தூக்கினேன். கூடை ஆடியது, பிலோமினா அங்கிருந்து, மெல்ல மெல்ல, பிரேக்கு போடாம வாங்க என்றாள். தயிர் என் கைக்கு வந்ததும் கீழிருந்து நசீமா சொன்னாள், இந்த முறை யாரிடமோ சொல்கிற மாதிரி இல்லை, நேராக என்னைப் பார்த்து:

“உங்க வூட்டம்மா தயிருன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அந்தப் புளிப்பு வேற யாருக்கும் வராது. சொட்டுற துணிய மட்டும் பிழிஞ்சு போடச் சொல்லுங்க.”

யாரிடம் சொல்ல என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. சொல்றேன் என்றேன். உள்ளே வந்து அம்சா படத்துக்குக் கீழே நின்றேன், ரெக்வஸ்ட் ஸ்டாப்பு, நின்றுதான் ஆக வேண்டும். சொன்னேன். நசீமா துணி பிழிஞ்சு போடச் சொல்றா என்றேன். அம்சாவுக்குக் கோபம் வந்திருக்கும், வரட்டும், தயிர் அவளுடையதுதான், மிளகாய் நெடியில் வளர்ந்தது என்பதால் அவளுடையது இல்லையென்று ஆகிவிடாது. எங்கேயோ பாங்கு கேட்டது. நான் இன்னும் விளக்கு வைக்கவில்லை, சட்டப்படி சரிதான். பாலில் சுண்டுவிரலை விட்டேன், விரலை நாக்கில் தொடப்போய் நிறுத்திக்கொண்டேன், சுடுகிற மாதிரியும் சுடாத மாதிரியும் இருந்தது. டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். புளிப்பு வந்தது, கூடவே ஒரு நெடி, மிளகாய் நெடியா என்னுடைய பெருங்காய டப்பாவா தெரியவில்லை. தும்மல் வந்தது, திரும்பித் தோளில் தும்மினேன். இது வியாதித் தும்மல் இல்லை, எனக்குத் தெரியும். பாதித் தயிரைப் பாலில் விட்டுக் கலக்கி, மூடி, அடுப்பங்கரை மூலையில் வைத்தேன். கஞ்சித் தூக்கைக் கொம்பில் மாட்டிப் பிலோமினாவுக்கு நீட்டினேன், வாசன வருதுண்ணே என்றாள், முதலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை, மூடியைத் திறந்து இன்னொரு முறை முகர்ந்தாள், இஞ்சி பூண்டு வாசன வருதுண்ணே என்று சுவரைத் தட்டினாள். விசிலை எடுத்து இரண்டு அடித்தேன். பிறகு விளக்கை வைத்தேன். கரண்டியை நக்கவில்லை. டம்ளரின் அடியில் ஒரு கரண்டி தயிர் மிச்சம் இருக்கிறது.